பசிப்பிணியும் பிடியரிசிக் களஞ்சியமும்



தம்மபதத்தின் பதினைந்தாம் வர்க்கம் சுகவர்க்கம் எனப்படும். அதில் வரும் 203ஆம் காதை எவ்விடத்தில், யார் பொருட்டு அருளப்பட்டது என்பதைப் பாலி உரையாசிரியர் விரிவாக எழுதி வைத்துள்ளனர். இம்மாதப் பாடத்திற்கு அவ்வரலாற்றையே எடுத்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் நம் விகாரைகளில் காதையை ஓதுகின்றோம். அதன் பின்னே நிற்கும் ஏழை உழவனைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பகவான் புத்தர் ஜேதவனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், ஆளவி என்னும் ஊரில் வாழ்ந்த ஏழை உழவன் ஒருவன் தம்மத்தை உணரத்தக்க பக்குவம் எய்தியிருப்பதை அறிந்தார். அவன் ஒருவன் பொருட்டே ஐந்நூறு பிக்குகளுடன் முப்பது யோசனை தூரம் நடந்து ஆளவியை அடைந்தார். ஊரார் வரவேற்று உணவளித்தனர். உழவனுக்கும் செய்தி எட்டியது. ஆனால் அன்று காலையில் அவனது எருது ஒன்று காணாமற் போயிற்று. எருதை இழந்தால் ஏர் இல்லை. ஏர் இல்லையேல் குடும்பம் இல்லை. ஆதலின் காட்டில் அலைந்து எருதைக் கண்டுபிடித்துக் கொட்டிலில் சேர்த்துவிட்டு, உண்ணாமலே ஓடிவந்தான். அதுவரையில் பகவர் அறவுரை தொடங்கவில்லை. உணவு முடிந்த பின்னும் மௌனமாய் அமர்ந்திருந்தார். வந்தவனைக் கண்டதும், உணவு ஏதேனும் எஞ்சியுள்ளதா என்று பரிமாறுவோரைக் கேட்டார். உள்ளது என்றனர். அவனை அமரச் செய்து உணவளிக்குமாறு பணித்தார். அவன் வயிறார உண்டு களைப்பு நீங்கிய பின்னரே தானம், சீலம் என்று படிப்படியாகத் தம்மத்தை எடுத்துரைத்தார். உழவன் அவ்விடத்திலேயே சோதாபத்தி பலன் எய்தினான்.

திரும்பும் வழியில் பிக்குகள் சிலர் முணுமுணுத்தனர். இல்லறத்தான் ஒருவனுக்குச் சோறு போடும் ஏற்பாட்டைத் ததாகதர் தாமே செய்ய வேண்டுமா என்பது அவர்தம் ஐயம். பசியால் வாடும் ஒருவனால் அறவுரையை மனத்திற் கொள்ள இயலாது என்பதைப் பகவர் அவர்களுக்கு விளக்கி, பசியைப் பிணிகளுள் தலையாயதாக வைத்து அக்காதையை அருளினார். திரிபிடகம் முழுவதிலும் வந்தவனுக்கு உணவு உண்டா என்று சாஸ்தா இவ்வாறு விசாரித்த இடம் வேறில்லை என்று உரையாசிரியர் குறிக்கின்றனர்.

இவ்வரலாற்றில் மூன்றிடங்களை ஊன்றி நோக்குக. உணவளிக்குமுன் அவனிடம் கேள்வி ஒன்றும் கேட்கப்படவில்லை. ஏன் தாமதம், என்ன குலம், சரணம் ஏற்பாயா என்ற பேச்சே இல்லை. அவனுக்கு இடப்பட்டது பானையில் மிஞ்சிய நல்லுணவு; பிறர் உண்டு கழித்த இலையின் எச்சில் அன்று. மூன்றாவது இடம், முறை. முதலில் உணவு, பிறகு தம்மம். அவன் கேட்காமலே எழுந்து போயிருந்தாலும் உண்ட சோற்றை எவரும் திருப்பிக் கேட்டிரார்.

மதம் மாறிய நமக்கு இம்மூன்றாவது இடம் மிகவும் இன்றியமையாதது. சோற்றைக் காட்டி மதத்தில் சேர்த்தனர் என்ற பழிச்சொல் நம் சேரிகளின்மீது நெடுங்காலம் சுமத்தப்பட்டு வந்தது. மாறியவனுக்கு அறிவும் இல்லை, மானமும் இல்லை, வயிறு ஒன்றே உண்டு என்று சொல்லாமற் சொல்லும் வசை அது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கருடன் திரிசரணம் ஏற்ற பல லட்சம் மக்கள் எவரிடமும் அரிசி வாங்கிக்கொண்டு வந்தவரல்லர். எனவே நம் சங்கங்கள் நடத்தும் எந்த உணவுப் பணியிலும், வாங்குவோர் ஞாயிறு வணக்கத்திற்கு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு குறிப்பாகவேனும் நுழைதல் கூடாது.

இனி, பசி எங்கே உள்ளது என்று பார்ப்போம். தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்க. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் வடு ஆறாத நாட்களில், 1880களில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர் பலர் நம் முன்னோர். அப்பஞ்சத்தில் நிவாரண வேலை செய்த ஓர் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் கல்லுடைப்பவனுக்கு அது போதாது என்று சென்னைச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் வாதாடினார். அளவு பின்னர்ச் சிறிது உயர்ந்தது. பசித்தவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேளாமல், எவ்வளவு குறைத்தால் உயிர் போகாது என்று கணக்கிட்ட காலம் அது. இந்தக் கணக்கு மனப்பான்மை தானம் செய்வோரிடமும் உண்டு. கொடுக்கும் பையைத் தூக்கிப் பார்த்து, இது போதும் இவர்களுக்கு என்போரை நாமும் கண்டிருக்கின்றோம்.

பஞ்சத்தின் மக்கள் பொன் தோண்டினர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கங்கள் கண்டனர், பண்டிதர் அயோத்திதாசரின் தமிழன் இதழை வாங்கிப் படித்தனர், பள்ளி நடத்தினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளுடன் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, கட்டட வேலையோ காவல் வேலையோ துப்புரவு வேலையோ செய்து இரவில் திரும்புதலே ஆயிரக்கணக்கானோர்க்குப் பிழைப்பாயிற்று. 2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோயை முன்னிட்டுப் பயணி ரயில்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டபோது, அப்பிழைப்பு ஒரே இரவில் நின்றது.

அரசின் பங்கீட்டு அரிசி உள்ளதே என்பீர். உண்மை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்தையும், அந்த்யோதயக் குடும்பத்திற்கு 35 கிலோவையும் உரிமையாக்கியது. 2023 ஜனவரி முதல் அது விலையின்றி வழங்கப்படுகின்றது. இது சிறிய காரியமன்று. அதனால் நம் வீடுகளில் அடுப்பு எரிகின்றது என்பதை மறுப்பவன் நன்றியில்லாதவன். ஆயினும் 5 கிலோவை முப்பது நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 166 கிராம். ஏறக்குறைய 580 கலோரி. உடலுழைப்பாளிக்கு வேண்டுவதோ 2000 கலோரிக்கு மேல். டெம்பிள் துரை தந்தது கூலி, இது துணை. ஆதலின் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் முறையன்று. எனினும் கூலி நின்றுபோன வீட்டில் துணையே முழு உணவாகி விடுகின்றது. பருப்பு, எண்ணெய், காய் ஆகியவற்றிற்குக் காசு வேண்டும். மாதக் கடைசிப் பத்து நாட்கள் எவ்வாறு கழிகின்றன என்பதை அவ்வீட்டுத் தாய்மார் அறிவர்.

அட்டையே இல்லாதவர் நிலை வேறு. சட்டத்தின் பயனாளிகள் தொகை 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் அடிப்படையில் வரையறுக்கப்பட்டது. அதன்பின் பிரிந்து தனித்துவிட்ட குடும்பங்கள் பல வரிசைக்கு வெளியே நிற்கின்றன. மகன் பெயர் அட்டையில், தாய் வேறு ஊரில். சிமெண்டிலும் சலவைச் சோடாவிலும் கைரேகை தேய்ந்தவரைக் கடையின் கருவி அடையாளம் காண மறுக்கின்றது. இவர்கள் பசியால் வாடுகின்றனர் என்பதை யார் வந்து நமக்குச் சொல்லுவர்? ஒருவரும் சொல்லார். யாம் வேலை செய்த ஆலை மூடப்பட்டுக் கூலி நின்ற மாதங்களில், பசி என்று ஒரு தொழிலாளியும் வாய் திறந்ததில்லை. கடன் கேட்டவன்கூடக் குழந்தைக்கு மருந்து வாங்க என்றுதான் கேட்டான். மருந்துக்குக் கேட்பதில் இழிவில்லை. சோற்றுக்குக் கேட்பதில் உண்டு என்று எண்ணினான்.

இவ்வெண்ணம் வீணில் தோன்றியதன்று. தலைமுறை தலைமுறையாகப் பின்வாசலில் நின்று, மண்சட்டியில் தூக்கி ஊற்றப்பட்ட பழைய கஞ்சியைப் பெற்ற மக்கள் நாம். 1927 மார்ச்சில் மகாத்து மாநாட்டில் பாபாசாகேப் தம் மக்களுக்கு வற்புறுத்தியவற்றுள் ஒன்று, பிறர் எறியும் எச்சிற்சோற்றையும் செத்த மாட்டின் இறைச்சியையும் கைவிடுங்கள் என்பது. பசித்த மக்களிடம் இவ்வாறு கூறுதல் கொடுமை அன்றோ என்று அன்று சிலர்க்குத் தோன்றியிருக்கலாம். வயிற்றோடு சேர்ந்து மானமும் உணவு கேட்கின்றது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அங்குத்தர நிகாயத்தில் ஐந்தாம் நிபாதத்தில் அசப்புரிச தானம் என்றொரு சூத்திரம் உள்ளது. தகுதியற்றோர் கொடுக்கும் தானம் எத்தகையது என்பதை ஐந்து குற்றங்களால் அது காட்டுகின்றது. பேணாமற் கொடுத்தல், மதிப்பின்றிக் கொடுத்தல், தன் கையாலன்றிக் கொடுத்தல், கழித்ததைக் கொடுத்தல், கொடையின் பயனில் நம்பிக்கையின்றிக் கொடுத்தல் என்பன அவை. ஒரு சங்கத்தார் உணவுக் களஞ்சியம் தொடங்குமுன் இச்சூத்திரத்தை ஒருமுறை கூடிப் படிப்பாராயின், பின்னர் வரும் பிழைகள் பல தவிரும்.

கழித்ததைக் கொடுத்தல் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். வண்டு விழுந்த பருப்பு, காலாவதியான மாவு, திருமண மண்டபத்தில் மாலைவரை கிடந்து புளித்த சாம்பார் ஆகியவற்றைத் தானம் என்று கொண்டுவந்து இறக்குவோர் உளர். வாங்க மறுத்தால் கோபிப்பர். மறுத்தே ஆகவேண்டும். நம் வீட்டுப் பிள்ளைக்கு இடமாட்டோம் என்பதைக் களஞ்சியத்துள் ஏற்றலாகாது.

தன் கையால் என்ற சொல்லில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கையால் எடுத்துக் கொடுத்தால் வாங்குபவன் கை கீழே தாழ்கின்றது, அவன் நாணுகின்றான். இக்காலத்திலோ கொடுப்பவனின் மறு கையில் கைப்பேசி இருக்கின்றது. படம் எடுத்து ஊருக்கு அனுப்பிய பின்னரே பை கைமாறுகின்றது. இது தன் கையால் கொடுத்தல் ஆகுமா? யாம் அறிந்தவரை, அச்சொல்லின் கருத்து உழைப்பு. கல்பொறுக்கிப் புடைத்தல், அளந்து கட்டுதல், படுக்கையில் கிடக்கும் முதியவர் வீட்டிற்குத் தூக்கிச் செல்லுதல் ஆகிய இவற்றைப் பணம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யாமல் நாமே செய்க. எடுத்துச் செல்லுதலோ எடுப்பவர் விருப்பப்படி நடக்கட்டும். பைகளை அலமாரியில் வைத்து, ஒரு விளக்கை ஏற்றி, கதவைத் திறந்து வையுங்கள். வருகின்றவர் தாமே எடுத்துக்கொள்ளட்டும். படம் வேண்டாம்.

பெயரேடு வேண்டுமா என்று நண்பர்கள் வினவுகின்றனர். ஏடு கட்டாயம் வேண்டும். ஆனால் வந்த அரிசி இத்தனை கிலோ, சென்றது இத்தனை கிலோ என்று மட்டுமே எழுதுக. பெயர் எழுதற்க. வஞ்சகர் எடுத்துச் செல்வரே என்பர். எடுக்கலாம். மாதம் ஓரிருவர் ஏமாற்றினால் ஐந்தோ பத்தோ கிலோ போகும். பெயரெழுதும் மேசையைக் கண்டு வாசலோடு திரும்பிய கைம்பெண்ணோ எந்த ஏட்டிலும் வரமாட்டாள். ஆகவே அந்த நட்டம் நமக்குத் தெரியாமலே போகும்.

இனி, அரிசி எங்கிருந்து வரும்? செல்வரை நாடற்க. மணிமேகலைக் காப்பியத்தை நினைவு கூர்க. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மணிமேகலையின் கையை அடைந்தது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. ஆயினும் வெறுமையாகவே வந்தது. புகார் நகரில் ஆதிரை என்னும் இல்லறப் பெண் முதற் பிச்சை இட்ட பின்னரே அதன் சுரப்புத் தொடங்கிற்று. தெய்வப் பாத்திரத்திற்கும் ஒரு வீட்டுச் சோறு தேவைப்பட்டது என்று சாத்தனார் பாடியதில் வியப்பில்லை. வீடுவீடாய்ப் பிச்சை ஏற்று வாழ்ந்த சங்கத்தை அறிந்த புலவர் அவர்.

பிடியரிசி நம் தாய்மார்க்குப் புதியதன்று. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் இடுதல், அவ்வளவே. மிசோரத்தில் கிறித்தவப் பெண்கள் 1910 முதல் இம்முறையைக் கைக்கொண்டு தம் சபைப் பணிகளை நடத்தி வருகின்றனர். நல்லதை யாரிடமிருந்தும் கற்கலாம். ஒரு பிடி 50 கிராம் என்று கொள்வோம். காலை ஒன்று, மாலை ஒன்று ஆக நாளொன்றுக்கு 100 கிராம்; மாதம் 3 கிலோ. நாற்பது வீடுகள் சேர்ந்தால் 120 கிலோ. ஐந்து கிலோப் பைகளாகக் கட்டினால் 24 பைகள். ஒரு சிறு குடியிருப்பில் மாதக் கடைசியைத் தாண்ட இயலாத வீடுகளுக்கு இது ஏறத்தாழப் போதும்.

சில செய்முறைகள். பல வீட்டு அரிசியை ஒரே பானையில் கொட்டாதீர். புழுங்கலும் பச்சையும் கலந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. வாங்கிச் சென்றவள் அடுப்படியில் நின்று நம்மை என்ன நினைப்பாள்? ஆகவே இரண்டு பானைகள் வேண்டும். மூட்டை தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் இருக்கட்டும். பருப்பில் வேப்பிலையோ வசம்போ இடுக. கேழ்வரகை மாவாக்காமல் தானியமாகவே வைக்க. மாவு விரைவில் கசக்கும். முன்னே வந்தது முன்னே செல்லட்டும். அரிசியோடு பருப்பு, உப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்தால்தான் அது உணவாகும். அவற்றிற்கு உபோசத நாள்தோறும் உண்டியலில் சேரும் காசை ஒதுக்கலாம். அடுப்பெரிக்க வழியற்றவர்க்கும் பல் இல்லாத முதியவர்க்கும் பையால் பயனில்லை. அவர்க்குக் கஞ்சியாகவே காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தங்கவயல் போன்ற இடங்களில் களஞ்சியம் பகலில் திறந்திருந்து என்ன பயன்? ரயிலில் சென்றவர் திரும்பும் இரவு வேளையே அதற்கு உரிய நேரம். பானையின் பொறுப்பும் ஏட்டின் பொறுப்பும் உபாசிகைகளிடம் இருக்கட்டும். ஆடவரிடம் கொடுத்த இடங்களில் தலைவர் யார், செயலாளர் யார் என்ற வழக்கு அரிசிக்கு முன்பே வந்துவிடுகின்றது.

இத்தகைய கொடை மக்களைச் சோம்பேறியாக்கும் என்ற வாதம் எப்போதும் எழும். தீக நிகாயத்தின் கூடதந்த சூத்திரத்தில் இதற்கு விடை உண்டு. மகாவிஜிதன் என்னும் அரசன் பெருவேள்வி செய்ய விரும்பினான். நாட்டிலோ கொள்ளை மலிந்திருந்தது. தண்டித்தலால் கொள்ளை நீங்காது என்று புரோகிதன் கூறினான். உழவர்க்கு விதையும் தீவனமும், வணிகர்க்கு முதலும், ஊழியர்க்கு உணவும் ஊதியமும் கொடுக்கச் சொன்னான். கொடுக்கப்பட்டவுடன் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் ஈடுபட்டனர், கொள்ளை நின்றது. உணவு பெற்றவன் உழைக்கப் போனான் என்பதே சூத்திரம் காட்டும் நிகழ்ச்சி. ஆளவி உழவனும் உண்டபின் தன் எருதோடு வயலுக்குத்தான் திரும்பியிருப்பான்.

அதே சூத்திரம் இன்னொன்றையும் உணர்த்துகின்றது. கொடுக்கும் கடமை அரசனுடையது. நம் நாற்பது வீட்டுப் பானை அரசின் கடமையைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ள முடியாது, ஏற்கவும் கூடாது. 2001ஆம் ஆண்டில் அரசுக் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிய, ராஜஸ்தானத்தில் மக்கள் பட்டினி கிடந்தபோது, மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவ்வழக்கில் 2001 நவம்பர் 28ஆம் நாள் பிறந்த ஆணையால்தான் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு நாடெங்கும் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் அது முன்பே இருந்தது. பிற மாநிலக் குழந்தைகளுக்கு அவ்வழக்கே சோறு போட்டது. உரிமையை எழுதிக் கேட்பதும் தானத்தின் ஒரு பகுதி என்று யாம் கருதுகின்றோம்.

ஆகையால் களஞ்சியம் உள்ள ஒவ்வோர் இடத்திலும் மாதம் ஒரு மாலையை அட்டை வேலைக்கு ஒதுக்குக. நம் பிள்ளைகளில் படித்தவர் இருவர் மேசையில் அமரட்டும். அட்டை இல்லாதவர்க்கு விண்ணப்பம் எழுதுக. பெயர் நீக்கப்பட்டவர்க்கும் கைரேகை பதியாதவர்க்கும் மாவட்டக் குறைதீர்க்கும் அலுவலருக்கு மனு எழுதுக; அவ்வலுவலரையும், அவர்க்கு மேல் மாநில உணவு ஆணையத்தையும் 2013ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்படுத்தியுள்ளது. உரிய தானியம் வழங்கப்படாவிடின் உணவுப் பாதுகாப்புப் படி என்னும் தொகை கேட்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. மனுவின் நகலில் அலுவலகத்தாரின் கையொப்பமும் நாளும் பெற்றுக்கொள்க. வாய்மொழியாகச் சொல்லி வந்த மனுவிற்கு மறுமுறை போகும்போது சாட்சி இராது. பிற மாநிலத்து அட்டை வைத்திருப்போர் அதனைக் கொண்டே இங்குள்ள கடையில் வாங்கலாம் என்பதைப் பெங்களூரில் வேலை செய்யும் நம்மவர் பலர் இன்னும் அறியார், அவர்க்கு எடுத்துரைக்க. இந்த மேசையைக் களஞ்சிய அறையில் போடாமல் வாசகசாலையிலோ வேறு வீட்டிலோ போடுங்கள். அரிசிப் பை எடுக்க வருபவர் எழுத்து வேலை நடக்கும் இடத்தைத் தாண்டிப் போகும்படி வைக்கவேண்டாம்.